4கே டிவி வாங்கியாச்சு, டிடிஹெச்சையும் மாற்ற வேண்டுமா?

இன்றைக்குக் கடைக்குப் போய் கொஞ்சம் பெரிய டிவி கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் 4கே டிவிதான். ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கோ வாங்கிச் சுவரில் மாட்டியதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: இருக்கிற டிடிஹெச் பாக்ஸே போதுமா, 4கே பாக்ஸுக்கு மாறணுமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் சேனல் பார்க்கத்தான் என்றால், டிஷ் வழியாக 4கே பார்ப்பதற்கென்று இப்போதைக்குப் பணம் போடாதீர்கள். இன்னும் எஸ்டியில், அதாவது பழைய சாதாரணத் தெளிவில், இருந்தால் ஹெச்டிக்கு மாறுங்கள், அந்தப் பணம் வீண் போகாது. இதை வெறும் அபிப்பிராயமாக விட்டுவிடாமல் காரணத்தோடு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இதில் நிறைய வீடுகள் தேவையில்லாத இடத்தில் செலவு செய்கின்றன.

மேலூரில் இருக்கும் என் மாமா 55 இஞ்ச் 4கே டிவி வாங்கினார். வாங்கிய கையோடு போன்.

"மாப்ளே, இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கேன். பழைய டிவியில தெரிஞ்ச அளவுகூட படம் தெளிவா இல்லையே. பாக்ஸையும் 4கே-வா மாத்தணும்னு கடையில சொல்றாங்க. மாத்திடவா?"

"அவசரப்படாதீங்க மாமா. பாக்ஸுல இருந்து டிவிக்கு எந்த ஒயர் போகுதுன்னு மொதல்ல பாருங்க."

"மஞ்சள், செவப்பு, வெள்ளை. முன்னாடி போட்டிருந்த அதே ஒயருதான்."

பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படம் முழுக்க அந்த ஒற்றை மஞ்சள் ஒயரில்தான் வருகிறது, வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து. எவ்வளவு நல்ல பாக்ஸை வைத்தாலும் அந்த ஒயர் 576 கோடுகளுக்கு மேல் கொண்டுவராது. நேரில் போய்ப் பார்த்தால், மாமா வீட்டில் இருந்தது ஹெச்டி பாக்ஸ். பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தது, அதைத் தொட்டதே இல்லை. குழாய் டிவி காலத்தில் போட்ட ஒயரை, டிவி மாறியபோதும் அப்படியே எடுத்துச் சொருகிவிட்டார்கள்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி மாட்டினோம். அப்புறம் பாக்ஸின் செட்டிங்ஸில் போய் 576 என்று இருந்ததை 1080ஐ (1080i) என்று மாற்றினோம். 4:3 என்று இருந்ததை 16:9 ஆக்கினோம். அது வரைக்கும் எல்லா முகமும் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போலத்தான் இருந்திருக்கிறது. கடைசியாக அவர் கட்டிக்கொண்டிருந்த பேக்கைப் பார்த்தால், எல்லாமே எஸ்டி சேனல்கள். தினமும் பார்க்கிற நாலைந்து சேனலுக்கு மட்டும் ஹெச்டி சேர்த்தோம். அதே பாக்ஸ், அதே டிஷ். சமையலறையிலிருந்து வந்த அத்தை, திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைக் கண்ணாடி போடாமலே படித்தார். எஸ்டியில் ணகரமும் னகரமும் ஒன்றாகக் கலங்கித் தெரியும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகள் அவ்வளவு நுணுக்கமானவை. ஹெச்டி என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த ஓடும் எழுத்துகளைத்தான்.

புது டிவியில் படம் மோசமாகத் தெரிந்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்டி படம் என்பது 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். முழு ஹெச்டி 1920-க்கு 1080, சுமார் 20.7 லட்சம். 4கே, யுஹெச்டி என்று கடையில் சொல்வது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். ஆக எஸ்டி படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் 4கே டிவி இருபது புள்ளிகளாக இழுத்து நிரப்பவேண்டியிருக்கிறது. டிவிக்குள் இருக்கும் சிப் ஊகம் செய்துதான் நிரப்பும். பழைய 24 இஞ்ச் டிவியில் கண்ணுக்குப் படாத அத்தனை குறையும் 55 இஞ்சில் பெரிதாகித் தெரியும். டிவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதற்குக் கிடைக்கிற தீனி அவ்வளவுதான்.

சரி, ஹெச்டிக்கு மாறியாயிற்று. அதற்கு மேல் 4கே போனால் அதே அளவு வித்தியாசம் தெரியுமா? இங்கேதான் கண்ணின் எல்லை குறுக்கே வருகிறது. ஒளிபரப்புத் துறையில் ஒரு வழக்கமான கணக்கு உண்டு. முழு ஹெச்டியின் நுணுக்கம் முழுவதையும் பார்க்க, திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்காரவேண்டும். யுஹெச்டிக்கு ஒன்றரை மடங்கு. 55 இஞ்ச் டிவியின் உயரம் இரண்டேகால் அடி. அப்படியானால் ஹெச்டிக்கு ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு, யுஹெச்டிக்கு மூன்றரை அடிக்கும் குறைவு. நம் வீடுகளில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச் சுவரில். நடுவில் ஒன்பது அடி, பத்து அடி. பத்து அடியில் உட்கார்ந்தால் ஹெச்டியையே முழுதாக உணர 80 இஞ்ச் டிவி வேண்டும். 55 இஞ்சில் அந்தத் தூரத்திலிருந்து ஹெச்டிக்கும் யுஹெச்டிக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைச் சாதாரணக் கண் பிரித்துப் பார்க்காது. கடையில் மட்டும் ஏன் தெரிகிறது என்றால், அங்கே நாம் இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஓடுவதும் அதற்கென்றே எடுத்த டெமோ வீடியோ.

புள்ளிகளின் எண்ணிக்கையை விட நம் ஊர் ஒளிபரப்பில் படத்தைக் கெடுப்பது வேறொன்று. தை மாதம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நேரலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வாடிவாசல் திறந்து காளை வெளியே வரும் அந்த நொடியில் மண் புழுதி எழும்பும், இரண்டு பக்கமும் கூட்டம் அசையும், நிறம் நிறமாகச் சீருடை போட்ட வீரர்கள் பாய்வார்கள். சரியாக அந்த நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். காளை அமைதியாக நின்றால் திமிலின் மயிர்கூடத் தெரியும், ஓடினால் எல்லாம் சதுரங்கள். நொடிக்கு இவ்வளவு மெகாபிட் என்று அந்தச் சேனலுக்கு ஒதுக்கிய அளவு, அந்தப் புழுதியையும் கூட்டத்தையும் தாங்காமல் போவதுதான் காரணம். முந்தைய படத்திலிருந்து எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் அனுப்பித்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். எல்லாமே மாறும்போது சுருக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மழைக் காட்சி, காகிதப் பூ கொட்டும் மேடை, கல்யாண வீட்டுக் கூட்டம், எல்லாவற்றிலும் இதே கதை. இந்தக் குறையை 4கே பாக்ஸ் தீர்க்காது. சேனல்காரர்கள் கூடுதல் மெகாபிட் தந்தால்தான் தீரும்.

ஏன் தருவதில்லை என்பதற்குக் காரணம் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் ஒன்று வழக்கமாக 36 மெகாஹெர்ட்ஸ் அகலம். இப்போதைய டிவிபி எஸ்2 என்னும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் அதில் நொடிக்கு ஏறக்குறைய 55 முதல் 70 மெகாபிட் வரை அனுப்பலாம். கிரிக்கெட் போல வேகமான நேரலையை யுஹெச்டியில் நன்றாகக் காட்ட, ஹெச்இவிசி என்னும் புதிய சுருக்கும் முறையில்கூட 20 முதல் 25 மெகாபிட் வேண்டும். அதாவது ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு இரண்டு அல்லது மூன்று யுஹெச்டி சேனல். அதே இடத்தில் எஸ்டி சேனல் முப்பதுக்குக் குறையாமல் போகும். ஒரு யுஹெச்டி சேனலுக்கு இடம் கொடுத்தால் பத்து எஸ்டி சேனலை இறக்கிவிட வேண்டும் என்றால் எந்த நிறுவனம் கொடுக்கும்?

ஜிசாட் 24-ஐ எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட்டில் போன செயற்கைக்கோள் அது. எடை 4,180 கிலோ, மொத்தம் 24 கேயு பேண்ட் (டிடிஹெச் பயன்படுத்தும் அலைவரிசை) டிரான்ஸ்பாண்டர்கள். முழுவதையும் டாடா ப்ளே குத்தகைக்கு எடுத்தது. இவ்வளவு பெரிய செயற்கைக்கோளை முழுக்க முழுக்க யுஹெச்டிக்கே ஒதுக்கினாலும் அறுபது, எழுபது சேனலுக்கு மேல் தேறாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், மராத்தி என்று இத்தனை மொழி பார்க்கும் நாட்டில் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தபோது டாடா ஸ்கை (இன்றைய டாடா ப்ளே) 4கே பாக்ஸை இறக்கியது, சில ஆட்டங்கள் 4கேவில் ஒளிபரப்பாயின. வீடியோகான் டி2எச்சும் அந்தக் காலத்திலேயே 4கே பாக்ஸ் கொண்டுவந்தது. அன்றைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு அதற்குப் பிறகு பார்க்கக் கிடைத்தது கொஞ்சம்தான். ஜப்பானில் நிலைமை வேறு. 2018 டிசம்பர் 1-ல் அந்நாட்டின் பொதுச் சேவை ஒளிபரப்பாளரான என்ஹெச்கே 4கே, 8கே இரண்டுக்குமே தனித்தனியாகச் செயற்கைக்கோள் சேனல் தொடங்கியது, தனியார் சேனல்களும் அன்றே 4கேவுக்கு வந்தன. அங்கே ஒருவர் டிஷ்ஷில் 4கேவுக்கு மாறினால் மாலை நேரத்தில் பார்க்க ஏதாவது இருக்கும். பொதுச் சேவை ஒளிபரப்பாளர் முன்னால் நின்று பணம் போட்டால்தான் இது நடக்கும் போலிருக்கிறது. இங்கே தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச் இன்னமும் முக்கியமாக எஸ்டியைக் கொண்டுசேர்க்கும் வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலையின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மாதக் கட்டணமே இல்லாமல் மலைக்கிராமத்துக்கும் போகிற ஒரே டிவி அதுதான்.

கட்டணப் பக்கமும் உற்சாகம் தருவதாக இல்லை. 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது முதல் 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும் என்று வைத்தார்கள், ஒரு ஹெச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிட்டார்கள். சேனலுக்குச் சேனல் காசு பார்க்க ஆரம்பித்த வீடுகள் ஹெச்டியையே யோசித்து யோசித்துத்தான் சேர்த்தன. 2020 முடிவில் கட்டணம் கட்டும் டிடிஹெச் சந்தாதாரர்கள் சுமார் 7 கோடி. 2024 முடிவில் அது 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. ஆட்கள் குறைந்துகொண்டே போகும் தொழிலில் புதிதாகப் பெரிய முதலீடு செய்ய யாருக்கும் மனம் வராது.

அப்படியானால் கடைகளில் 4கே பாக்ஸ் என்று விற்கிறார்களே, அது என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு டிடிஹெச் நிறுவனங்கள் தரும் 4கே பாக்ஸ்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள். பின்னால் டிஷ் ஒயரும் சொருகலாம், வைஃபையும் உண்டு. அதில் 4கே என்பது யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற செயலிகளுக்கு. டிஷ் வழியாக வரும் சன் டிவியோ விஜய் டிவியோ அதே ஹெச்டியில்தான் வரும். உங்கள் டிவியிலேயே இந்தச் செயலிகள் இருந்தால், அந்த பாக்ஸ் புதிதாகத் தருவது ஒரே ரிமோட் என்ற வசதி மட்டுமே. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரே ரிமோட் என்பது பெரிய விஷயம், அதற்காக வாங்கினால் நான் தடுக்கமாட்டேன். படம் தெளிவாகும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

உண்மையான 4கே படம் நம் வீட்டுக்கு இப்போது வருவது ஃபைபர் வழியாக. 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 4கேவில் இலவசமாகவே காட்டியது. நெட்ஃப்ளிக்ஸ் 4கேவுக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறது, மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி செலவாகும். வீட்டு ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று வரம்பு வைப்பது வழக்கம், அதில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நெட்ஃப்ளிக்ஸின் 4கே பிளான் மட்டுமே மாதம் 649 ரூபாய், அதைத் தனியாகக் கணக்கில் வைக்கவேண்டும். கிரிக்கெட் விஷயத்தில் இன்னொரு சங்கடம், செயலியில் வரும் நேரலை டிஷ்ஷை விட அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் கத்துவார்கள், நமக்கு இன்னும் பந்தே போட்டிருக்கமாட்டார்கள். கடைசி ஓவரை டிஷ்ஷில் ஹெச்டியில் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது, 4கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய 35 எம்எம் ஃபிலிமில் 4கேவுக்கு ஈடுகொடுக்கும் நுணுக்கம் உண்டு. ஃபிலிம் நெகட்டிவ் நன்றாக இருந்து திரும்ப ஸ்கேன் செய்தால் 1980-களின் படம்கூட 4கேவில் பிரமாதமாக இருக்கும். ஆனால் 2000-க்குப் பிறகு பல வருடங்கள், வண்ணச் சீரமைப்பும் கிராஃபிக்ஸும் 2கேயில் முடித்த படங்களே அதிகம். அவற்றை எந்த பாக்ஸில் போட்டாலும் உள்ளே இருப்பது ஹெச்டியை ஒட்டிய அளவுதான்.

மழை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாக்ஸ் மாற்றினால் மழையிலும் படம் நிற்கும் என்று சிலர் நம்புகிறார்கள். டிடிஹெச் பயன்படுத்தும் கேயு பேண்ட் அலை 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிவிடும். ஒரு விதத்தில் நமக்கு அதிர்ஷ்டம். 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் சென்னையிலிருந்து பார்த்தால் சுமார் 74 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் சிக்னல் மழைக்குள் கடக்கும் தூரம் குறைவு. ஐரோப்பாவில் டிஷ் சாய்வாகத் தொடுவானத்தைப் பார்த்து நிற்கும், அங்கே இந்தச் சலுகை இல்லை. இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் எந்த பாக்ஸும் ஒன்றும் செய்யாது. அதற்குச் செய்யவேண்டிய வேலை மொட்டை மாடியில் இருக்கிறது: டிஷ்ஷின் திசையை மீட்டர் வைத்துச் சரிசெய்வது, டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கியின் மூடி வெடித்திருந்தால் மாற்றுவது, ஒயர் முனையில் உள்ள கனெக்டர் துருப்பிடித்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுவது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அந்தக் கனெக்டரைச் சீக்கிரமே தின்றுவிடும். 4கே பாக்ஸுக்குக் கொடுப்பதில் சிறு பங்கு செலவில் இதெல்லாம் முடிந்துவிடும்.

நம் சேனல்காரர்களிடமும் டிடிஹெச் நிறுவனங்களிடமும் நான் கேட்பது 4கே சேனல் இல்லை. இப்போது தருகிற ஹெச்டியை நல்ல ஹெச்டியாகத் தாருங்கள். 1080ஐ என்றால் ஒரு தடவைக்கு 540 கோடுகள் வீதம் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள், வேகமான காட்சியில் அதன் கிழிசல் தெரியும். அதை 50 முழுப் படங்களாக, 1080பி ஆக அனுப்பலாம். கூடவே, மிக வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் ஹெச்டிஆர் சேர்க்கலாம். பிபிசியும் என்ஹெச்கேவும் சேர்ந்து உருவாக்கிய ஹெச்எல்ஜி என்ற முறை, ஹெச்டிஆர் இல்லாத சாதாரண டிவியிலும் படம் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்பதையும் மனதில் வைத்து ஒளிபரப்புக்கென்றே செய்தது. வெயிலும் நிழலும் பாதிப் பாதியாக விழும் சேப்பாக்கம் மைதானத்தில், நிழல் பக்கம் கருப்பாகாமலும் வெயில் பக்கம் வெளுக்காமலும் ஆட்டம் தெரிந்தால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம். பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும். யுஹெச்டிக்கு ஆகிற மெகாபிட்டில் பாதிகூட இதற்கு ஆகாது. ஃபைபர் போகாத ஊர்களுக்கு டிஷ் ஒன்றுதான் வழி. அந்த மக்களுக்கு நல்ல படம் கிடைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

யுஹெச்டி தமிழ் சேனல் என்றைக்காவது வந்தால் என்ன மாற்றவேண்டியிருக்கும் என்று மாமா கேட்டார். இப்போது இருக்கும் அதே செயற்கைக்கோளில் வந்தால் டிஷ், எல்என்பி, ஒயர் மூன்றையும் தொடவேண்டாம். பாக்ஸ் மட்டும் ஹெச்இவிசி படிக்கிறதாக, ஹெச்டிஎம்ஐ 2.0 உள்ளதாக இருக்கவேண்டும். டிவியில் எந்தத் துளையில் சொருகுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். சில டிவிகளில் எல்லாத் துளையும் நொடிக்கு 50 படம் வீதம் 4கே வாங்குவதில்லை, வாங்கும் துளையிலும் செட்டிங்ஸில் போய் அதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். மாமாவின் டிவியில் இரண்டாம் எண் துளை. இப்போதே அதில் பழைய ஹெச்டி பாக்ஸைச் சொருகிவிட்டு வந்திருக்கிறேன், பிறகு பாக்ஸை மட்டும் மாற்றினால் போதும்.